மாரடைப்பே வராதவர் கொலஸ்டிரால் மாத்திரையைத் தொடங்கலாமா?

வைகறை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரங்களாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் இருக்கிறேன். இந்த நிலையைக் கடந்து வந்தவர்களிடமும் மருத்துவம் அறிந்தவர்களிடமும் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

எனக்கு வயது 52, ஆண். இதுநாள்வரை நெஞ்சுவலி என்று படுத்ததில்லை. நான்கு மாடி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை. புகைப்பழக்கம் கிடையாது. அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்டிரால் 236, நல்ல கொலஸ்டிரால் எனப்படும் எச்டிஎல் 44, ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 170, கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்டிஎல் 158 என்று வந்தது. எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். ரத்த அழுத்தம் 128/82. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.8. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் அதன் வாசற்படியில் நிற்கிறீர்கள் என்றார்கள். என் தந்தைக்கு 53 வயதில் முதல் மாரடைப்பு வந்தது. அவர் அந்தக் காலத்தில் நிறையப் புகைபிடித்தவர் என்பதால், அதை என் கணக்கில் எவ்வளவு சேர்த்துக்கொள்வது என்பதும் விளங்கவில்லை.

மருத்துவர் அறிக்கையைப் பார்த்தார். 158-க்குப் பக்கத்தில் ஆய்வகம் அச்சிட்டிருந்த நட்சத்திரக் குறியைப் பேனாவால் சுழித்துவிட்டு, அடோர்வாஸ்டேட்டின் 20 மி.கி., இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். இனி விடக் கூடாது என்றார். வெளியே அடுத்தவர் காத்திருந்தார். நானும் எழுந்து வந்துவிட்டேன். அந்தச் சீட்டு நான்காக மடிக்கப்பட்டு அதே அறிக்கை உறைக்குள் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன், மறுபடி மடித்து வைக்கிறேன்.

என்னை அலைக்கழிப்பவை இவை. இந்த மாத்திரை மாரடைப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் என்று ஓரிடத்தில் படிக்கிறேன். நூறு பேர் சாப்பிட்டால் ஒருவருக்கோ இருவருக்கோதான் பயன் என்று இன்னோரிடத்தில் படிக்கிறேன். இரண்டில் எது பொய்? இணையத்தில் உள்ள இடர் கணிப்பான்களில் என் விவரங்களை இட்டுப் பார்த்தேன். அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு ஏறத்தாழ 6 விழுக்காடு என்று ஒன்று சொல்கிறது. மற்றொன்று அதில் பாதிதான் சொல்கிறது. தசைவலி வரும், சர்க்கரை ஏறும் என்றும் சொல்கிறார்கள். சர்க்கரையின் வாசற்படியில் நிற்பவன் இதைத் தொடலாமா? ஆறு மாதம் உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது தவறாகுமா?

இதையெல்லாம் தாண்டி, உடம்பில் ஒரு குறையும் தெரியாதபோது தினமும் மாத்திரை விழுங்கத் தொடங்கினால் அன்றிலிருந்து நானும் ஒரு நோயாளி ஆகிவிடுவேனோ என்ற நினைப்பும் இருக்கிறது. அது சரியான காரணமா என்று தெரியவில்லை, ஆனால் இருக்கிறது.

பொதுமருத்துவர் எழுதிய பதில்:

நான் நெடுங்காலமாகப் பொது மருத்துவம் பார்த்து வருபவன். உங்களை நேரில் பார்க்காமல் மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்வது முறையாகாது. ஆனால் உங்கள் மருத்துவரிடம் திரும்பப் போகும்போது என்னென்ன கேட்க வேண்டும், வரும் பதிலை எப்படி எடைபோட வேண்டும் என்பதை விளக்க முடியும். இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பக்கூடிய சீட்டு அல்ல இது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

முதலில், நீங்கள் படித்த இரண்டு எண்களில் எதுவும் பொய் அல்ல. 1995-இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை மாரடைப்பு வந்திராத, ஆனால் கொலஸ்டிரால் மிகுந்திருந்த 45 முதல் 64 வயதுவரையிலான 6,595 ஆண்களில் ஒரு பாதிக்கு, உங்களுக்கு எழுதியதைப் போலவே ஸ்டேட்டின் எனப்படும் கொலஸ்டிரால் குறைப்பு மருந்து வகையைச் சேர்ந்த பிராவாஸ்டேட்டினும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 7.9 விழுக்காட்டினருக்கு மாரடைப்போ இதய நாள நோயால் மரணமோ ஏற்பட்டது. மருந்து சாப்பிட்டவர்களில் அது 5.5 விழுக்காடு. 7.9 இருந்த இடத்தில் 5.5 ஆனது என்றால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வீழ்ச்சி. நூறு பேருக்கு எத்தனை பேர் தப்பினார்கள் என்று எண்ணினால் இரண்டு பேருக்குச் சற்று மேல். ஒரே நிகழ்வை இரண்டு விதமாக எண்ணுகிறார்கள். மருந்தின் ஆற்றலை அறிய முதல் எண் உதவும். சாப்பிடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க உங்களுக்கு வேண்டியது இரண்டாவது எண். அது ஆளுக்கு ஆள் மாறும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு அடிப்படை ஆபத்து மிக அதிகம் என்பதால் அதே மூன்றில் ஒரு பங்கு அவருக்குப் பெரிய பயனைத் தருகிறது. அவர் விஷயத்தில் நான் தயங்குவதே இல்லை.

உங்களுக்கான கணக்கைப் போடுவோம். எல்டிஎல் ஏறத்தாழ 39 மி.கி. குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு. உங்களுக்கு எழுதிய அளவு மாத்திரை எல்டிஎல்லை 40 விழுக்காடு, அதாவது 60 மி.கி.க்குச் சற்று மேல் குறைக்கும் என்று எதிர்பார்க்கலாம். 6 விழுக்காடு என்ற கணிப்பை ஏற்றுக்கொண்டால், உங்களைப் போன்ற நூறு பேர் பத்து ஆண்டுகள் மாத்திரை சாப்பிடும்போது ஆறு பேருக்கு வரவேண்டியது நான்கு பேருக்கு வரும். இரண்டு பேர் தப்பிப்பார்கள். நான்கு பேருக்குச் சாப்பிட்டும் வரும். 94 பேருக்குச் சாப்பிடாமலிருந்தாலும் வந்திருக்காது. அந்த இருவரில் நீங்கள் ஒருவரா என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. நோயாளிக்கு முன்னால் ஒரு தாளில் நூறு புள்ளிகள் வைத்து, இரண்டை மட்டும் வட்டமிட்டுக் காட்டுவது என் வழக்கம். அதைப் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று சிலர் எழுந்து போவார்கள். இரண்டு பேர் இருக்கிறார்களா, அப்படியானால் எழுதுங்கள் என்பார்கள் சிலர். அந்த இரண்டு முடிவுகளையும் நான் மதிக்கிறேன்.

ஆனால் 6 என்ற எண் உங்களுக்குப் பொருந்துமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் பயன்படுத்திய கணிப்பான்கள் அமெரிக்காவில் 2013-இலும் 2023-இலும் வெளியான சமன்பாடுகளைக் கொண்டவை என்று ஊகிக்கிறேன். பழைய சமன்பாடு பலருக்கு ஆபத்தைக் கூட்டிக் காட்டியது. புதியது குறைத்தே காட்டுகிறது. இரண்டுமே உங்கள் தந்தையைப் பற்றிக் கேட்பதில்லை. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால் அதைக் கணிப்புக்கு மேல் சேர்த்துக்கொள்ளும்படி வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. தந்தை புகைபிடித்தவர் என்பது அந்தச் சேர்க்கையின் எடையைச் சற்றுக் குறைக்கலாம், அழித்துவிடாது. எந்த மக்களின் தரவிலிருந்து சமன்பாடு பிறந்ததோ அவர்களுக்கு வெளியே உள்ளவர்களுக்கு அது கூடவோ குறையவோ தவறலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

எனவே மாத்திரைக்கு முன்பு இரண்டு சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று தைராய்டுக்கான டிஎஸ்எச். தைராய்டு மந்தமாக இருந்தால் எல்டிஎல் ஏறும். அதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எல்டிஎல் ஏறியிருப்பதை மட்டும் பார்த்து ஸ்டேட்டின் கொடுத்து, உடல்வலி வந்து, பிறகு தைராய்டு மந்தம் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வருந்தத்தக்க தாமதம் அது. இன்னொன்று எல்பி(ஏ), அதாவது எல்டிஎல்லைப் போல ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் ஒரு வகை லிப்போபுரோட்டீன். அது பெரும்பாலும் பரம்பரையால் தீர்மானிக்கப்படுவது, உணவால் அசையாதது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். 50 மி.கி.க்கு மேல் இருந்தால் உங்கள் தந்தையின் 53 வயதுக்கு அது ஒரு விளக்கமாகவும் அமையலாம்.

கொலஸ்டிரால் சோதனையையும் சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை எடுங்கள். உங்கள் 158 நேரடியாக அளக்கப்பட்டது அல்ல என்று நினைக்கிறேன். 236-இலிருந்து 44-ஐக் கழித்து, டிரைகிளிசரைடு 170-ஐ ஐந்தால் வகுத்து வரும் 34-ஐயும் கழித்துப் பாருங்கள், 158 வரும். மூன்று எண்களில் எது ஆடினாலும் இதுவும் ஆடும்.

சர்க்கரை பற்றிய உங்கள் அச்சம் ஆதாரமற்றது அல்ல. ஸ்டேட்டின்கள் புதிதாகச் சர்க்கரை நோய் வருவதைச் சற்றுக் கூட்டுகின்றன. மிதமான அளவில் கொடுக்கும்போது ஆண்டுக்கு 1.2 விழுக்காட்டினருக்கு வருவது 1.3 ஆகிறது என்று 2024-இல் வெளியான கூட்டாய்வு காட்டியது. அப்படிக் கூடுதலாக வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே உங்களைப் போல் எல்லைக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள். ஆனால் 17,802 பேரைக் கொண்ட ரோசுவாஸ்டேட்டின் ஆய்வில், சர்க்கரை நோய்க்கான காரணிகள் உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, கூடுதலாக வந்த 54 சர்க்கரை நோய்க்கு எதிரே 134 இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகளோ மரணங்களோ தவிர்க்கப்பட்டிருந்தன. சர்க்கரை நோயின் முதன்மையான ஆபத்தே மாரடைப்புதான் என்பதால், அந்தக் காரணத்துக்காக மட்டும் மருந்தை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எடையையும் எச்பிஏ1சியையும் கவனித்து வரவேண்டும்.

அளவு பற்றி ஒன்று. மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் மேலும் ஆறு விழுக்காடு அளவுக்குத்தான் குறையும். வேலையின் பெரும்பகுதியை முதல் 10 மி.கி.யே செய்துவிடும். தயங்குபவர்களிடம் 10-இல் தொடங்கலாமா என்று நான் கேட்பதற்கு அதுவே காரணம். கல்லீரல் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தொடங்குமுன் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். பிறகு அறிகுறி ஏதேனும் இருந்தால் மட்டும் பார்க்கலாம்.

நெடுவழி எழுதிய பதில்:

ஐயா மருத்துவராக விளக்கிவிட்டார். நான் தசைவலி பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதை நான் பட்டிருக்கிறேன்.

எனக்கு 49 வயதில் இதே மாத்திரையை எழுதினார்கள். வாங்கி வந்த அன்று மாலையே பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளை விரித்து, எறும்பு ஊர்ந்தது போன்ற அந்த எழுத்துகளை முழுக்கப் படித்தேன். இரண்டாவது வாரம் தோளிலும் தொடையிலும் வலி தொடங்கியது. நான்காவது வாரம் நிறுத்திவிட்டேன். தொடை வலி போனது. தோள் வலி போகவில்லை. அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. ஸ்டேட்டின் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஆறு ஆண்டுகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு மருத்துவர் 2020-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். என்னைப் போல் பக்கவிளைவால் ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேருக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கான குப்பிகளைக் கொடுத்தார்கள்: நான்கில் அடோர்வாஸ்டேட்டின் 20 மி.கி., நான்கில் வெற்று மாத்திரை, நான்கு குப்பிகள் காலி. எந்த மாதம் மருந்து, எந்த மாதம் வெற்று மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் தங்கள் தொல்லைக்கு நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும். காலிக் குப்பி மாதங்களில் சராசரி 8. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4, மருந்து மாதங்களில் 16.3. அந்தத் தொல்லை பொய் என்று அந்த மருத்துவர் ஒருபோதும் சொல்லவில்லை. வலி உண்மை, ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு மாத்திரை விழுங்குகிறோம் என்ற அச்சத்தாலேயே பிறக்கிறது என்றார். அதைக் கேட்டபோது எனக்குச் சிறிது அவமானமாகக்கூட இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அது எவ்வளவு நல்ல செய்தி என்று உறைத்தது. ஆய்வு முடிந்து ஆறு மாதங்களில் அவர்களில் பாதிப்பேர் மறுபடி ஸ்டேட்டின் தொடங்கியிருந்தார்களாம்.

நானும் ரோசுவாஸ்டேட்டின் 5 மி.கி.யில் மறுபடி தொடங்கினேன். மாத்திரைக்கு முந்தைய மூன்று வாரங்களும் பிந்தைய ஆறு வாரங்களும் நாட்குறிப்பில் வலிக்கு மதிப்பெண் போட்டு வந்தேன். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே எனக்கு வாரத்தில் இரண்டு நாள் எங்கோ ஒரு வலி இருந்திருக்கிறது என்பதை அந்த நாட்குறிப்புதான் காட்டியது. வைகறை அவர்களே, நீங்கள் தொடங்குவதாக இருந்தால் இன்றே அந்த முன்குறிப்பை எழுத ஆரம்பியுங்கள்.

ஆனால் எல்லா வலியும் மனத்தின் வேலை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தசை உண்மையாகவே சிதையும் நிலை மிக அரிது, வந்தால் கடுமையானது. இரு தொடைகளிலும் தோள்களிலும் தாங்க முடியாத வலி, எழுந்து நிற்க இயலாத தளர்ச்சி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போதல் ஆகியவை தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளும், இட்ரகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளும் அடோர்வாஸ்டேட்டினை உடலில் தேங்கச் செய்யும். வேறு எதற்காக மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

முல்லை எழுதிய பதில்:

நான் வேண்டாம் என்று முடிவெடுத்தவள். அந்தக் குரலும் இங்கே இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு 58 வயது. எல்டிஎல் 149. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, சர்க்கரை இல்லை, பெற்றோர் இருவருக்கும் இதய நோய் இருந்ததில்லை. என் கணிப்பும் 5-க்கும் 7-க்கும் இடையில் வந்தது. மருத்துவர் இரண்டு பக்கத்தையும் சொல்லி, முடிவு உங்களுடையது என்றார். எனக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுவது ஒரு சுமைதான். பொதுமருத்துவர் ஐயா சொன்ன அந்த நூறு புள்ளிகளில் இரண்டுக்காக அதைச் சுமக்க மனம் ஒப்பவில்லை. அதே வேளையில் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருந்தது. அப்போதுதான் இதய நாளங்களில் படிந்திருக்கும் கால்சியத்தை அளக்கும் சி.டி. ஸ்கேனைப் பற்றிச் சொன்னார்.

ஊசி இல்லை, மருந்து ஏற்றுவதில்லை. சில நிமிடங்கள் படுத்திருந்தேன், இடையில் சில நொடிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முடிவு பூச்சியம். பூச்சியம் வந்தால் அடுத்த சில ஆண்டுகளுக்கு மாரடைப்பு வாய்ப்பு மிகக் குறைவு, ஸ்டேட்டினைத் தள்ளிப்போடலாம், ஐந்து ஆண்டு கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். நான் நிம்மதியாக வீடு திரும்பினேன்.

ஆனால் வைகறை, என் கதையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். புகைபிடிப்பவர், சர்க்கரை நோயாளி, குடும்பத்தில் இளவயதில் இதய நோய் உள்ளவர் ஆகியோருக்குப் பூச்சியம் வந்தாலும் அதை நம்பி இருந்துவிடக் கூடாது என்று அதே மருத்துவர் எச்சரித்தார். உங்கள் தந்தையின் வரலாறு அந்த மூன்றாவது வகையில் வருகிறது. இந்த ஸ்கேன் கெட்டிப்பட்ட படிவைத்தான் காட்டும். இன்னும் கால்சியம் ஏறாத மென்மையான படிவு அதன் கண்ணில் படாது. அதே நேரத்தில் 100-க்கு மேல் ஓர் எண் வந்தால் உங்கள் தயக்கம் அங்கேயே தீர்ந்துவிடும். எடுப்பதாக இருந்தால் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே எடுங்கள். ஸ்டேட்டின் படிவைக் கெட்டிப்படுத்துவதால் பின்னால் எடுக்கும் எண் கூடித் தெரியும், அது பெரும்பாலும் கெட்ட செய்தி அல்ல என்றாலும் உங்களை வீணாகக் கலவரப்படுத்தும்.

நோயாளி ஆகிவிடுவேனோ என்று எழுதியிருந்தீர்கள். யாரும் அதை அற்பம் என்று சொல்லவிட்டுவிடாதீர்கள். எனக்கும் அதுதான் முதல் காரணமாக இருந்தது.

கரையோரம் எழுதிய பதில்:

ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுப்பது தவறா என்ற கேள்விக்கு மட்டும் என் பதில். தவறில்லை, ஆனால் ஆறு மாதம் என்றைக்கு முடிகிறது என்று நாளைக் குறித்து வையுங்கள்.

நானும் அப்படித்தான் சொன்னேன். எல்டிஎல் 171. மூன்று மாதம் ஒழுங்காக நடந்தேன், நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தேன், நார்ச்சத்தைக் கூட்டினேன், நான்கு கிலோ குறைந்தேன். மறுபரிசோதனையில் 152 வந்தது. மகிழ்ச்சியில் இன்னும் ஆறு மாதம் என்றேன். அதன்பிறகு வேலை மாறியது, நடை நின்றது, பரிசோதனைக்கும் போகவில்லை. அந்த ஆறு மாதம் ஏழு ஆண்டுகள் ஆயிற்று. 57 வயதில் ஓர் அதிகாலையில் இடது கையும் தாடையும் இழுத்துப் பிடித்தது. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரை சாப்பிட்டிருந்தால் இது வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். சாப்பிட்டும் வரும் நான்கு பேரில் ஒருவனாக நான் இருந்திருக்கலாம். முடிவெடுக்காமலே ஏழு ஆண்டுகளைக் கடத்தியதுதான் என்னை வருத்துகிறது. முல்லை அவர்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தார், மறுபடி பார்க்கும் ஆண்டையும் குறித்துக்கொண்டார். நான் இரண்டையும் செய்யவில்லை.

வைகறை மீண்டும் எழுதியது:

நால்வருக்கும் என் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

பொதுமருத்துவர் ஐயா சொன்ன சோதனைகளைக் கேட்டு வாங்கினேன். டிஎஸ்எச் இயல்பாக இருக்கிறது. கொலஸ்டிராலை மறுபடி எடுத்ததில் எல்டிஎல் 154, ஆக அது தற்செயல் அல்ல. எல்பி(ஏ) 74 மி.கி. என்று வந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தந்தையின் மாரடைப்புக்கு அவருடைய புகைப்பழக்கம்தான் முழுக்காரணம் என்று இத்தனை ஆண்டுகள் நாங்கள் எல்லோரும், அவர் உட்பட, நம்பியிருந்தோம். அவருக்கு இந்தச் சோதனையை யாரும் எடுத்ததில்லை. இனி எடுக்கவும் இயலாது.

ஸ்கேன் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பூச்சியம் வந்தாலும் என் நிலையில் மாத்திரையைத் தவிர்க்கத் துணிய மாட்டேன் என்பது தெளிவான பிறகு, அதை எடுத்து என்ன செய்வது என்று தோன்றியது. என் மருத்துவரிடம் போய், இந்த முறை உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டேன். அவரும் பொறுமையாகவே பேசினார். முதல் முறை நான் கேட்காமல் எழுந்து வந்ததிலும் பாதிக் குறை என்னுடையது. 10 மி.கி.யில் தொடங்குவதற்கு ஒப்புக்கொண்டார். நெடுவழி அவர்களின் அறிவுரைப்படி மூன்று வாரம் வலிக்குறிப்பு எழுதிவிட்டு, கடந்த திங்களன்று முதல் மாத்திரையைச் சாப்பிட்டேன். குறிப்பில் மாத்திரைக்கு முந்தைய இருபத்தோரு நாட்களில் ஒன்பது நாள் ஏதோ ஒரு வலி பதிவாகியிருக்கிறது.

இரண்டு சிறு கேள்விகள். மறுபரிசோதனை எப்போது, அதற்கு வெறும் வயிறு வேண்டுமா? இரவில் மறந்துபோகிறது, காலையில் சாப்பிடலாமா? எல்பி(ஏ) இப்படி வந்திருப்பதால் என் தம்பிக்கும் சொல்ல வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன்.

பொதுமருத்துவர் எழுதிய பதில்:

தொடங்கிய நாளிலிருந்து நான்கு வாரத்துக்கும் பன்னிரண்டு வாரத்துக்கும் இடையில் ஒருநாள் எடுங்கள். எட்டாவது வாரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோருக்கு வெறும் வயிறு தேவையில்லை, ஆனால் உங்கள் டிரைகிளிசரைடு சற்று உயர்ந்திருப்பதால் ஒப்பிட வசதியாக முன்பு எடுத்த அதே முறையில் எடுப்பது நல்லது. 154 இருந்த இடத்தில் நூறுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் மருந்து தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அந்த அளவுக்கு இறங்கவில்லை என்றால், அளவைக் கூட்டுவதற்கு முன் எத்தனை நாள் விட்டுப்போனது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எச்பிஏ1சியை ஆண்டுக்கு ஒருமுறையாவது பாருங்கள். ஸ்டேட்டின் எல்பி(ஏ)வைக் குறைக்காது. அது அப்படியே இருப்பதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். அதைச் சுற்றியுள்ள மற்ற ஆபத்துகளைக் குறைக்கத்தான் இவ்வளவும்.

அடோர்வாஸ்டேட்டின் உடலில் நீண்ட நேரம் தங்குவதால் காலையிலும் சாப்பிடலாம். இரவில்தான் சாப்பிட வேண்டும் என்பது சிம்வாஸ்டேட்டின் போன்ற குறுகிய நேர மருந்துகளுக்கு ஏற்பட்ட விதி. பல் துலக்கும் இடத்தில் மாத்திரைப் பட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்குக் கட்டாயம் சொல்லுங்கள். உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும்.